குளிர் கீழே இருந்து வருகிறது

பனிக்காட்டில் மூன்று இரவு தங்கிவிட்டு வந்து இரண்டு நாள் ஆகிறது. உடம்பு அலுப்பு இன்னும் தீரவில்லை. அன்றன்று குறிப்பேட்டில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாக எழுதிப் போடுகிறேன். கிளம்புவதற்கு முந்தைய நாட்களைப் பற்றியும் நிறைய இருக்கிறது. அதைக் குறைக்க மனம் வரவில்லை. அங்கே ராத்திரி தூங்கியதும் தூங்காததும், இங்கே வீட்டில் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பொறுத்துத்தான் இருந்தது.

ஜனவரி 2, வெள்ளி

ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுத்து வந்தேன். கொடுத்தவர் "மைனஸ் 26 வரை தாங்கும்" என்று அடித்துச் சொன்னார். அண்ணன் அதைக் கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பி லேபிளைத் தேடினான். மூன்று எண்கள் இருந்தன: மைனஸ் 2, மைனஸ் 8, மைனஸ் 26.

"உனக்கு முதல் எண்தான் கணக்கு. மத்த ரெண்டையும் மறந்துடு" என்றான்.

ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தர அளவுமுறை இருக்கிறது. அதன்படி முதல் எண், ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். இரண்டாவது, ஒரு சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ இரவைத் தள்ளும் எல்லை. மூன்றாவது தூக்கத்துக்கான எண்ணே இல்லை. சில மணி நேரம் உயிரோடு இருக்கலாம், அவ்வளவுதான். அதற்குள் கை கால் விறைத்துப் போகலாம். வாடகைக்குக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை, மூன்றில் பெரிய எண்ணைச் சொன்னார். நாங்கள் போகும் இடத்தில் ராத்திரி மைனஸ் 14 வரை இறங்கும் என்று முன்னறிவிப்பு. அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் எண் மைனஸ் 12 என்று போட்ட தடிமனான ஒன்றை எடுத்தேன். மீதி இரண்டு டிகிரியை உடுப்பு பார்த்துக்கொள்ளும்.

ஜனவரி 4, ஞாயிறு

இன்று ஒத்திகை. கூடத்து மேசை நாற்காலிகளை ஓரம் தள்ளி, விளக்கை அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு டென்ட் கட்டினோம். முதல் தடவை நாற்பது நிமிடம், மூன்றாவது தடவை பதினைந்து. எங்கே சிக்குகிறது என்று இருட்டில்தான் தெரிந்தது. ஜிப்பின் நாக்கு சின்னது, கையுறை விரலில் அகப்படவே இல்லை. எல்லா ஜிப்புக்கும் ஒரு சாண் கயிறு கட்டி முடிச்சுப் போட்டேன். அங்கே போய் இந்தக் கயிறுகளை ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது நன்றியோடு இழுத்திருப்பேன்.

அடுத்து பாய். பனியின் மேல் படுக்க, பாயின் 'ஆர்' மதிப்பு குறைந்தது 5 இருக்க வேண்டும் என்பார்கள். உடம்புச் சூடு தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது. நம் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, காற்று நிற்காத இடத்தில் சூடும் நிற்காது. மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழே பாய் சரியில்லை என்றால் தரை நம்மை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என்னுடையது காற்றடைக்கும் பாய், மதிப்பு 5.4. அண்ணன் காற்றுப் பாயோடு ஒரு ஃபோம் பாயும் எடுத்து வைத்தான். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டு மதிப்பையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம். "உனக்கும் ஒண்ணு எடுத்துக்கோ" என்றான். பையில் இடம் இல்லை, ஒரே பாயே போதுமான அளவு இருக்கிறதே என்றேன். ஊதிப் பார்த்தேன். பத்து நிமிடம் படுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. காற்றைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 8, வியாழன்

மூட்டை கட்டும் நாள். பருத்தித் துணி ஒன்றுகூட இல்லை என்று அண்ணன் என் பையைப் பிரித்துச் சோதித்தான். ஒரு டி-ஷர்ட்டும் உள்ளாடைகளும் மாட்டின. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு லேசில் காயாது. ஈரத் துணி உடம்புச் சூட்டை வேகமாக இறக்கிவிடும். கம்பளியும் பாலியஸ்டரும் நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ், காற்றும் பனியும் புகாத மேல்சட்டை. நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஒரு பெரிய புசுபுசு ஜாக்கெட். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு உள்ளாடைத் தொகுதி. அவற்றை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று தனிப் பையில் போட்டுக் கட்டினோம்.

எங்கே தங்குகிறோம், எந்தப் பாதையில் போகிறோம், திங்கள் மாலை 6 மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஆறுன்னா ஆறேகால் வரைக்கும் பொறுக்கலாமா?" என்று கேட்டார். பொறுக்கலாம் என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி: முதல் நாள்

பாதை ஐந்து கிலோமீட்டர்தான். வெளியே மைனஸ் 6. ஜாக்கெட்டோடு நடக்கத் தொடங்கிய என்னை அண்ணன் நிறுத்தி, கழட்டச் சொன்னான். "கிளம்பும்போது குளிரணும். குளிரலேன்னா நீ நிறைய போட்டிருக்கேன்னு அர்த்தம்." பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிட்டது. அப்படியும் கடைசி ஏற்றத்தில் முதுகில் வியர்வை கசிந்தது. நின்று ஃப்ளீஸையும் கழட்டினேன். பனியில் மெல்லிய சட்டையோடு நிற்பது விசித்திரமாக இருந்தது.

இடம் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆனது. பள்ளத்தில் சமமான இடம் அழகாகக் கிடந்தது, ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி அங்கேதான் போய்த் தேங்கும். ஒரு பெரிய மரத்தடியில் கிளைகள் பனிச் சுமையோடு தொங்கின. அதுவும் வேண்டாம். எதிரே சரிவு இருக்கிறதா என்றும் பார்த்தோம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில்தான் பனிச்சரிவு அதிகம் நடக்கும். அப்படிப்பட்ட சரிவுக்கு அடியில் படுக்கக்கூடாது. கடைசியில் மேட்டில், இளம் மரங்கள் காற்றை மறைக்கும் ஓரிடம் அமைந்தது.

உடனே டென்ட் கட்ட முடியாது. பனியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிவிட்டு, அரை மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். அதற்குள் பனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். மிதிக்காமல் கட்டினால் ராத்திரி முழங்கால் பட்ட இடமெல்லாம் குழியாகி, காலையில் அந்தக் குழிகள் அப்படியே உறைந்து கிடக்கும். சாதாரண முளை பனியில் நிற்காது. சின்னத் துணிப்பைகளில் பனியை அடைத்து, கயிற்றைக் கட்டி, குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்தோம். இறுகிய பிறகு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

நாங்கள் மிதித்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் தள்ளி ஒரு டென்ட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தனியாக வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் குத்தி வைத்துவிட்டுப் போனார். எங்களிடம் இருந்த மண்வெட்டி ஒன்றுதான், இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தோண்டுவதைப் பார்த்திருக்கிறார்.

இரவுச் சாப்பாடு வெண்ணெய் நிறையப் போட்ட நூடுல்ஸ், சூப், பாலாடைக்கட்டி. வீட்டில் இவ்வளவு வெண்ணெயைப் பார்த்தாலே திகட்டும். அங்கே கரண்டியை வழித்து நக்கினேன். படுக்கப் போகுமுன் கொழுப்புள்ள எதையாவது தின்றால் உடம்புக்கு ராத்திரி எரிக்க விறகு இருக்கும். ஒரு கைப்பிடி முந்திரி, பாதாம். ஒன்பது மணிக்குப் படுத்தாயிற்று.

ஜனவரி 10, சனி: இரண்டாம் நாள்

இரண்டு மணிக்கு விழித்தேன். முகம் சூடாக இருக்கிறது, மார்பு சூடாக இருக்கிறது, இடுப்பும் தோளும் மட்டும் கல்லின் மேல் வைத்ததுபோல. கையால் தடவினேன். பாய் தட்டையாகக் கிடந்தது. இடுப்பு எலும்புக்கும் பனிக்கும் நடுவில் இரண்டு துணிப் படலம்தான்.

ஊதினேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி தட்டை. மறுபடி ஊதினேன். மூன்றாவது முறை ஊதும்போது பற்கள் அடித்துக்கொண்டதில் வாய் வால்வில் நிற்கவில்லை. அண்ணன் விழித்துவிட்டான். என் பெயரைச் சொல்லி, அப்பாவின் போன் எண்ணைச் சொல்லச் சொன்னான். எதற்கு இந்த நேரத்தில் என்று எரிச்சலாக இருந்தாலும் சொன்னேன். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், யோசனை தடுமாறும், கைக்கு வேலை செய்யத் தெரியாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று சும்மா இருக்க ஆரம்பித்தால் இன்னும் ஆபத்து. நான் எண்ணைச் சரியாகச் சொன்ன பிறகுதான் அவன் முகம் தளர்ந்தது.

தன் ஃபோம் பாயை உருவி எனக்குக் கீழே போட்டான். முதுகுப்பைகளைக் காலியாக்கி அதற்கும் கீழே பரப்பினான். ஃப்ளாஸ்க்கில் இருந்த வெந்நீரைக் குடித்தேன், சாக்லேட் தின்றேன். மீதி வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் திணித்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். படுத்தபடியே காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, ஐந்து மணிக்குத் தூங்கினேன். அந்த ராத்திரி அவன் ஒற்றைப் பாயில் படுத்திருந்தான் என்பதைக் காலையில்தான் யோசித்தேன்.

விடிந்ததும் ஹெட்லாம்ப்பை மேலே அடித்துப் பார்த்தேன். டென்ட்டின் உள்பக்கம் முழுக்க உறைபனி. கிட்டே போய்ப் பார்த்தால் பூச்சு இல்லை, இலை இலையாக, ஒவ்வொன்றும் அரிசி நீளத்தில், நுனியில் மெல்லிய பல் வெட்டோடு நின்றது. எல்லாம் நாங்கள் இரவெல்லாம் விட்ட மூச்சு. அண்ணன் ஜிப்பை இழுத்ததும் துணி அதிர்ந்து, அத்தனையும் எங்கள் மேல் கொட்டியது. குளிருகிறதென்று நான்தான் ராத்திரி மேல் காற்றுவழியை மூடியிருந்தேன். மூடியதில் சூடு கூடவில்லை, பைகள் நனைந்ததுதான் மிச்சம்.

அடுப்பும் பற்றவில்லை. நீல நுனி ஒன்று துடித்து அணைந்தது. கேஸ் குப்பிக்குள் இருப்பது கலவை. அதில் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை, புரோப்பேன் மைனஸ் 42 வரை. முதல் நாள் சமையலில் புரோப்பேன்தான் அதிகம் எரிந்து போயிருக்கும். மிஞ்சியது குளிரில் திரவமாகவே உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மா மண்வெட்டியை எடுக்க வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். குப்பியை வாங்கிக் காதருகே குலுக்கினார். தன் டென்ட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, குப்பியை அதில் உட்கார வைத்தார். வெந்நீர் இல்லை, சில்லென்ற தண்ணீர்தான். ஆனால் தண்ணீராக இருக்கும்வரை அது பூஜ்யத்துக்குக் கீழே இல்லை, வெளியே மைனஸ் 13. இரண்டு நிமிடத்தில் சுடர் நிமிர்ந்து எரிந்தது. "இனிமே ராத்திரி இதைக் கூடவே படுக்க வெச்சுக்கோங்க" என்றார். பேட்டரி, போன், பூட்ஸின் உள்ளுறை, காலையில் குடிக்கும் தண்ணீர், இப்போது கேஸ் குப்பி. ஸ்லீப்பிங் பேக்கில் எனக்கு இடம் மிஞ்சுமா என்று இருந்தது.

பனியை உருக்கத் தொடங்கினோம். வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டால் அடியில் பிடித்துத் தீய்ந்த வாடை வரும். முதலில் இரண்டு மிடறு தண்ணீர் விட்டு, அதன் மேல் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஒரு பெரிய பை நிறையப் புதுப்பனி போட்டாலும் ஒரு பாட்டில்தான் தேறுகிறது. இதற்குத்தான் எரிபொருள் இரட்டிப்பாக வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்திருக்கிறான். நிரப்பிய பாட்டிலை அந்த அம்மா வாங்கித் தலைகீழாகப் பனியில் செருகினார். தண்ணீர் மேல்பக்கமிருந்துதான் உறையும். தலைகீழாக வைத்தால் மூடி இருக்கும் பக்கம் உறையாமல் இருக்கும்.

என் பாய் கதையை அண்ணன் சொன்னான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மடித்த ஃபோம் பாய் ஒன்றை எங்கள் வாசலில் வைத்திருந்தார். பழையது. ஒரு மூலையில் அடுப்பு பட்டுக் கருகிய வட்டம், நடுவில் உடம்பு படுத்துப் படுத்து அமுங்கிய தடம். உங்களுக்கு வேண்டாமா என்று ஓடிப்போய்க் கேட்டேன். "என்கிட்ட மூணு இருக்கு. ரெண்டு வாட்டி உங்களை மாதிரி படுத்திருக்கேன், அப்புறம் மூணா எடுத்துக்கிட்டு வரேன்" என்றார்.

அன்றிரவு ஏழு மணி நேரம் தூங்கினேன். அதே மைனஸ் 14, அதே பை. கீழே மாறியது ஒரு விரல் தடிமன்தான்.

ஜனவரி 11, ஞாயிறு: மூன்றாம் நாள்

காற்று. மைனஸ் 10, ஆனால் மேட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததில் தோலுக்கு மைனஸ் 20 போல இருந்திருக்கும். காற்றால் கூடும் இந்தக் குளிரை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும். 1940களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில், தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழலைக் காற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். இருபது நிமிடம் நடந்ததும் அண்ணன் கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுப்பு. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, உணர்வே இல்லை. கையுறையைக் கழட்டி, என் உள்ளங்கையை அப்படியே அழுத்தி வைத்தேன். தேய்க்கக்கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். கொஞ்ச நேரத்தில் சிவந்து ஊசி குத்துவதுபோல் வலித்தது. வலி வந்ததும் இருவருக்கும் நிம்மதி. திரும்பிவிட்டோம்.

மதியம் முழுக்க டென்ட்டுக்குள். அடுப்பை உள்ளே ஏற்றிக்கொள்ளலாமே, ஐந்தே நிமிடம், என்று என் வாய்வரை வந்தது. அண்ணன், அண்டார்டிகா ஆய்வுப் பயணி ரிச்சர்ட் பேர்ட் கதையைச் சொன்னான். சைப்பிளை இளைஞனாக முதன்முதலில் அண்டார்டிகாவுக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். 1934 குளிர்காலத்தில் அங்கே ஒரு சிறு குடிலில் தனியாக இருந்தபோது, அடுப்பிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வந்த கார்பன் மோனாக்சைடு அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. ஆகஸ்டில் மூன்று பேர் இருட்டில் வந்து சேர்ந்துதான் பிழைத்தார். அந்த வாயுவுக்கு வாடை கிடையாது. தலைவலியும் தூக்கமும்தான் வரும், தூக்கம் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. நாங்கள் வெளியே பனியில் ஒரு சுவர் எழுப்பி, அதன் மறைவில் சூப் காய்ச்சினோம். கொதிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று கோப்பை ஊற்றி, ஒன்றை அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். கையுறையோடு இரண்டு கையாலும் வாங்கி, ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு விஷயம், பெண்களுக்காக. ராத்திரி வெளியே போகச் சோம்பி அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள், தண்ணீர் குடிப்பதையும் குறைக்காதீர்கள். குடிக்காமல் இருந்தால் உடம்பு இன்னும் குளிரும், அடக்கினால் தூக்கம் கெடும். அகன்ற வாயுள்ள தனிப் பாட்டிலும் புனலும் எடுத்துப்போனேன். இருட்டில் தடவினாலே தெரியும்படி அந்தப் பாட்டிலைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தேன். மூன்று இரவும் டென்ட்டைவிட்டு வெளியே போகவில்லை.

ஜனவரி 12, திங்கள்

காலையில் காற்று அடங்கி, வெயில். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கொல்லும், கருப்புக் கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாது. பாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மாவின் டென்ட் இருந்த இடத்தில் மிதித்த சதுரம் மட்டும் இருந்தது. விடியும் முன்பே போயிருக்கிறார். புதைத்த முளைப் பைகளைத் தோண்டி எடுத்த குழிகளைக்கூட மூடி வைத்திருந்தார், யாரும் கால் வைத்து விழக்கூடாதென்று.

4.40க்கு அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

ஜனவரி 14, புதன்

கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி டென்ட்டும் பைகளும் காய்கின்றன. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

காற்றுப் பாயை நன்றாக ஊதி, குளியலறைத் தொட்டியில் பாதி பாதியாக அமுக்கிப் பார்த்தேன். வால்வு இல்லை, நான் நினைத்தது தவறு. கால்பக்க ஓரம், ஒட்டிய விளிம்பிலிருந்து ஒரே ஒரு குமிழ் வரிசை, கடுகு கடுகாக, அவசரமே இல்லாமல் மேலே வந்தது. பத்து நிமிடத்தில் தெரியாது, ராத்திரிக்குள் காலியாகிவிடும். பேனாவால் சுற்றி வட்டம் போட்டுத் துடைத்து, பசை தடவியிருக்கிறேன். அது காய்ந்ததும் ஊதி, இரவு முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் அந்த அம்மாவின் ஃபோம் பாய் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அடுத்த மாதம் மறுபடி போகலாமா என்று அண்ணன் காலையில் கேட்டான். பையில் அதை எந்தப் பக்கம் கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.